விண்மீன் திணிவுக் கலவை: கார்த்திகையில் எண்ணி, எம்87இல் அளப்பது எப்படி

திருகோணமலையில் மாரி மேகம் கலைந்து மாசி, பங்குனியில் வானம் திறக்கும். நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே வெளிச்சம் குறைந்த கரையில் நின்று, இரவு ஏழரை மணிக்குக் கார்த்திகைக் கொத்தை 10×50 பைனோகுலரில் பாருங்கள். அதில் தெரியும் கொத்து விண்மீன்கள் ஏறத்தாழ எல்லாமே சூரியனைவிடத் திணிவு கூடியவை. சூரியனை அங்கே வைத்தால் அதன் பருமன் (பிரகாச எண்; கூடினால் மங்கல்) 10.4; பைனோகுலருக்கு எட்டாது. கொத்தில் 1000க்கு மேல் உறுப்பினர் உண்டு, பெரும்பாலானவை அதைவிடவும் மங்கல். திணிவுக் கலவையை, அதாவது எந்தத் திணிவில் எத்தனை விண்மீன் என்பதை, அளக்கும் வேலை முழுக்க இந்தத் தெரியாத கூட்டத்தைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

முதலில் எண்ணிப் பழகுங்கள். விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 யூனில் வந்தது, இலவசம். அட்டவணையைத் திறக்க டொப்கற் மென்பொருள் போதும். கொத்தின் வான் ஆள்கூறுகளான வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் +24.12 பாகை மையமாக 5 பாகை ஆரை எடுங்கள். இடமாறு (தூரத்தைக் காட்டும் கோணம்) 6.5 முதல் 8.2 மில்லி ஆர்க்செக்கன் வரை. தன்னியக்கம் (விண்மீன் வானில் நகரும் அளவு) ஆண்டுக்குக் கிழக்கு–மேற்கில் +20, வடக்கு–தெற்கில் −45 என்ற புள்ளியைச் சுற்றி 6 மில்லி ஆர்க்செக்கனுக்குள். இடமாறு வரம்பைத் தேடல் கட்டளையிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லட்சக்கணக்கான வரிசைகள் வந்து இணைப்பு அறுந்துபோகும். பருமன் 17க்குக் கீழே மங்கும்போது இடமாற்றின் வழு பெருகுகிறது. அங்கே ஒவ்வொரு விண்மீனுக்கும் அதன் வழுவின் மூன்று மடங்கு இடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மெலிந்தவை மட்டும் உதிர்ந்து, கலவை கனமானதாகப் பொய் சொல்லும். மறுபக்கம், 3ஆம் பருமனையொட்டிய மிகப் பிரகாசமானவற்றில் கையா தடுமாறும். அவை பட்டியலில் உண்டா என்று கையால் சரிபாருங்கள். பிறகு 15 பாகை தள்ளி அதே அளவு வட்டம், அதே வடிகட்டி. அங்கே கிடைப்பவை வழிப்போக்கர்கள். அந்த எண்ணிக்கையைக் கழியுங்கள்.

பருமனிலிருந்து தூரத்துக்காக 5.67ஐயும் தூசிக்காக 0.1ஐயும் கழித்தால் தனிப் பருமன் (விண்மீனின் சொந்தப் பிரகாசம்) வரும். திணிவாக மாற்ற, 12 கோடி ஆண்டு வயதுக்கான பார்செக் என்ற மாதிரித் தொகுப்பின் சமவயதுக் கோட்டை (ஒரே வயது விண்மீன்களின் திணிவையும் ஒளியையும் தரும் அட்டவணை) எடுங்கள். முதிர்ந்த விண்மீன்களின் அட்டவணை இங்கே ஆகாது: கார்த்திகையின் மிக மெலிந்தவை இன்னும் சுருங்கிக்கொண்டிருப்பதால் அவற்றின் ஒளி கூடுதல், திணிவும் கூடுதலாக வந்துவிடும்.

இனிப் பெட்டிகள். சூரியத் திணிவில் 1–2, 0.5–1, 0.25–0.5, 0.125–0.25 என்று இரட்டிப்பாக வையுங்கள். எட்வின் சல்பீட்டர் 1955இல் கண்ட 2.35 சாய்வு அப்படியே தொடர்ந்தால், ஒவ்வொரு படி இறங்கும்போதும் எண்ணிக்கை 2.55 மடங்காகும். பாவெல் க்ரூபா 2001இல் தந்த வடிவத்தில் முதல் படி சுமார் 2.5, அடுத்தது 1.7, கடைசி 1.2. பால்வீதியின் கலவை இப்படித்தான் 0.5க்குக் கீழே தட்டையாகிறது. பெட்டியில் 100 விண்மீன் இருந்தால் வழு 10. அதற்குள் அடங்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள். ஒரே புள்ளியாகத் தெரியும் இரட்டை விண்மீன்கள், நிறத்துக்கு எதிரே பருமனை வரைந்தால் வரும் பிரதான கோட்டுக்கு மேல் 0.75 பருமன் வரை ஏறி நிற்கும். அவற்றைத் தனியே குறியுங்கள்.

அதே பட்டியலை மையத்திலிருந்து 1 பாகைக்கு உள்ளே, வெளியே எனப் பிரித்து எண்ணினால் கனத்தவை உள்ளே கூடியிருக்கும். இதில் கவனம் வேண்டும். அது பெருமளவு ஈர்ப்புச் சந்திப்புகள் கனத்ததை உள்ளே இறக்கி மெலிந்ததை வெளியே தள்ளியதன் பலன். அதைப் பிறப்புக் கலவை என்று கொள்ளக்கூடாது. பெரும் பேரடையில் அப்படி நடக்கப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. எனவே அங்கே உள்ளும் வெளியும் வேறுபட்டால், விண்மீன்கள் பிறந்த விதத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

அதைப் பார்க்க நல்ல இடம் எம்87 என்ற பெரும் பேரடை. சித்திரை இரவில் நமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே கடக்கும். தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு. ஒன்றொன்றாக எண்ண வழியில்லை. முதிய பேரடை என்பதால் சூரியனைவிடக் கனத்தவை பெரும்பாலும் அணைந்துவிட்டன. அளக்கக்கூடியது அதற்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டுமே. ஒளியைத் தருவது இராட்சத விண்மீன்கள், திணிவைச் சுமப்பது மெலிந்த குள்ள விண்மீன்கள். இவற்றின் விகிதத்தைக் கூட்டு ஒளியின் நிறமாலையில் படிக்க வேண்டும். குள்ளரின் மேற்பரப்பு ஈர்ப்பு வலிமையால் 818.3, 819.5 நனோமீற்றர் சோடியக் கோடுகள் ஆழமாகும், 849.8, 854.2, 866.2இல் உள்ள கல்சியக் கோடுகள் ஆழம் குறையும்.

சிலியிலுள்ள மியூஸ் நிறமாலைக் கருவியின் தரவை ஐரோப்பிய தென் வானாய்வகக் காப்பகத்திலிருந்து இறக்குங்கள். கோப்பு பெரிது, இரவில் ஓடவிடுங்கள். நடுவிலுள்ள சில ஆர்க்செக்கனையும் அங்கிருந்து பீறிடும் தாரையையும் மறையுங்கள். கருந்துளையைச் சுற்றிய ஒளி கோடுகளை நீர்த்துப்போகச் செய்யும். மிச்சத்தை 5–8, 8–15, 15–25 ஆர்க்செக்கன் வளையங்களாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் சமிக்ஞை இரைச்சலின் 100 மடங்காவது வரச் செய்யுங்கள். மையத்தில் விண்மீன் வேகப் பரவல் செக்கனுக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டுவதால் இரு சோடியக் கோடுகளும் ஒன்றாகக் கரைந்துவிடும். எல்லா வளையங்களையும் அதே பரவலுக்கு மழுக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

பேரடை விலகிச் செல்வதால் வரும் செஞ்சரிவு சோடியத்தை 822 நனோமீற்றர் பக்கம் தள்ளுகிறது. அது நம் வளிமண்டல நீராவி உறிஞ்சும் இடம், மொலெக்ஃபிட் மென்பொருளால் திருத்துங்கள். நீராவி வழு எல்லா வளையத்திலும் ஒரே வீதம் என்பதால் உள்ளிருந்து வெளியே வரும் மாற்றத்தை ஓரளவே கெடுக்கும். வானம் தானே ஒளிரும் கோடுகளை அரைகுறையாகக் கழித்தால்தான் பெரிய சேதம்: மங்கிய வெளி வளையம் முதலில் பாழாகும்.

அடுத்த பொறி சோடியத்தின் அளவு. மையத்தில் சோடியம் மிகுந்திருந்தாலும் கோடு ஆழமாகும், குள்ளர் ஒருவர்கூடக் கூடவேண்டியதில்லை. ஆகவே ஈ-மைல்ஸ் என்ற மாதிரி நிறமாலைகளில் திணிவுக் கலவையின் சாய்வையும் சோடியத்தையும் தனித்தனியே அசைத்து, தைத்தேனியம் ஒட்சைட்டுப் பட்டைகளையும் சேர்த்துப் பொருத்துங்கள். 991.6 நனோமீற்றரில் உள்ள இரும்பு ஐதரைட்டுப் பட்டை நல்ல சாட்சி, ஆனால் மியூஸ் 930உடன் நின்றுவிடும்; அதற்கு 1030 வரை போகும் மாங்கா என்ற பேரடை அளவீட்டின் தரவில் வேறு பேரடைகளைப் பாருங்கள்.

வரும் விடையை ஒப்பிட ஒரு அளவுகோல்: 2017இல் வான் டொக்கம் குழு 6 பேரடைகளை அளந்தபோது, ஒளிக்கான திணிவு மையத்தில் பால்வீதிக் கலவையைப்போல் சுமார் 2.5 மடங்கு, பாதி ஒளி அடங்கும் ஆரையின் 0.4 பங்குக்கு அப்பால் 1.1. உள்ளிருந்து வெளியே நீங்கள் காணும் மாற்றம் இதற்கு நேரெதிராக வந்தால், மாதிரியைத் தொடுவதற்கு முன் வெளி வளையத்தின் வான் கழிப்பைத் திரும்பச் செய்யுங்கள்.