ஆபரேஷனுக்குப் பிறகும் வருகிற அந்த ஒரு வாரத்து அல்வா ஆசை: நாம் செய்கிற தவறுகள்

திருநெல்வேலி டவுன் தேரடிப் பக்கம் சாயங்காலம் நடந்தால் அல்வாவின் நெய் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். மற்ற நாட்களில் நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். மாதவிலக்குக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மட்டும் கால் தானாக நின்றுவிடும். எனக்கு எடைக்குறைப்பு பைபாஸ் ஆபரேஷன் ஆகி நாலு வருடம் ஆகிறது. (இருதய பைபாஸ் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் எனக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.)

ஆபரேஷன் முடிந்த எட்டாவது மாதம் அப்படி ஒரு நாள் நின்றேன். மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. 100 கிராம் வாங்கி, சூடு ஆறும் முன்பே பாதியை விரலால் வழித்துத் தின்றுவிட்டு பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. ஜங்ஷன் வருவதற்குள் முதுகெல்லாம் வேர்வை. சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கிறது, எனக்கோ கண் இருட்டுகிறது. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, "முழுகாம இருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லக்கூட முடியாமல், வயிறு முறுக்க, வண்ணார்பேட்டையில் இறங்கிக் கழிப்பறை தேடி ஓடினேன்.

இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கத்தை 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். இனிப்பு அந்தப் பையில் தங்காமல் மொத்தமாகக் குடலுக்குள் இறங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வேர்வை, முறுக்கல், பேதி எல்லாம் வரும்.

அதோடு போனால் பரவாயில்லை. 1 மணி முதல் 3 மணி நேரத்துக்குள் சிலருக்கு இரண்டாவது சுற்று ஒன்று உண்டு. வந்த சர்க்கரைக்கு மேல் இன்சுலின் சுரந்து, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், எரிச்சல் வரும், எதையாவது இனிப்பாக வாயில் போட்டால்தான் ஆச்சு என்று தோன்றும். இந்த நடுக்கத்தைப் பீரியட்ஸ் ஆசை என்று நினைத்து மறுபடி இனிப்பைத் தின்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே மோசமானது. தின்றால் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். வீட்டில் சுகர் பார்க்கிற மெஷின் இருந்தால் அந்த நேரத்தில் குத்திப் பாருங்கள். உண்மையிலேயே இறங்கியிருந்தால் கொஞ்சம் இனிப்பு எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் பின்னாலேயே ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ போக வேண்டும். அடிக்கடி இப்படி ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் வரலாம். சிலருக்கு பைபாஸ் செய்தும் டம்பிங்கே வராது. அவர்கள் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்து இனிப்பைத் தொடர்கிறார்கள். எடை திரும்ப ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று.

"ஆபரேஷன்தான் பண்ணியாச்சே"

முதல் வருடம் பசியே தெரியாது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் நாக்கும் அடங்கிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய ஆசைக்கு வயிறு காரணம் இல்லை. முட்டை வெளிப்பட்ட பிறகு வருகிற ஏறக்குறைய 14 நாட்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜெனும் கடைசியில் இறங்குகிறது. மனதை நிதானமாக வைக்கிற செரட்டோனினும் அதோடு சேர்ந்து ஆடுகிறது. அந்த நாட்களில் பெண்கள் சாதாரணமாகவே கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். இரைப்பையில் கத்தி வைத்தால் அந்த ஆசை நின்றுவிடாது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிசிஓஎஸ் (விலக்கைத் தாறுமாறாக்குகிற ஹார்மோன் கோளாறு) இருந்து, வருடத்துக்கு மூன்று நாலு தடவைதான் விலக்கு ஆகும் என்றிருந்தவர்களுக்கு, எடை குறைந்ததும் பெரும்பாலும் மாதாமாதம் ஒழுங்காக வர ஆரம்பிக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் முன்பு வருடத்துக்கு நாலு தடவை வந்த ஆசை இப்போது பன்னிரண்டு தடவை வரும். "எனக்கு முன்னால இப்படி இருந்ததே இல்லையே, ஆபரேஷன் பெயிலாயிட்டோ?" என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெயிலாகவில்லை, உடம்பு சரியாகிக்கொண்டிருக்கிறது. (சுழற்சி சரியானால் கரு தங்கவும் வாய்ப்பு கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம் என்பதால் வேறு வழியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பகலெல்லாம் வாயைக் கட்டுவது

இது நான் வருடக்கணக்கில் செய்த தவறு. ஆசை வருகிற வாரம் என்று தெரிந்ததும் காலையிலிருந்தே கடிவாளம் போடுவேன். ஒரு காபி, மத்தியானம் இரண்டு வாய் மோர்ச்சோறு. சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைக் கூட இறக்காமல் மிக்சர் டப்பாவைத் திறந்துவிடுவேன். அந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை விரதமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆபரேஷன் ஆன நமக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். சின்ன வயிற்றில் அதை ஒரே வேளையில் அடைக்க முடியாது. அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே காலையிலேயே தொடங்கி, நாலைந்து தடவையாகப் பிரித்தால்தான் கணக்கு சேரும். காலையில் முட்டை, மத்தியானம் முதலில் மீன், அப்புறம்தான் சோறு. மூன்றரை மணிக்கு, அதாவது ஆசை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கொஞ்சம் சுண்டல். இந்த மூன்றரை மணி எனக்கு எந்த வைராக்கியத்தையும் விட உபயோகமாக இருந்திருக்கிறது. தூத்துக்குடிச் சாளையும் நெத்திலியும் வாசலுக்கே வருகிற ஊரில் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை. குழம்பில் நன்றாக வெந்த சாளை, முள் எடுத்துவிட்டால், நம் வயிற்றுக்குச் சுகமாக இறங்கும்.

தூக்கம் கெட்டாலும் அடுத்த நாள் நாக்கு ஊறும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நேரத்துக்குத் தூங்குங்கள்.

கருப்பட்டி இனிப்பில்லையா?

நம் பக்கத்தில் இது தனி மயக்கம். சீனி என்றால் பயப்படுகிறவர்கள் உடன்குடிக் கருப்பட்டி என்றால் தைரியமாகக் கை நீட்டுவார்கள். கருப்பட்டிக் காபி, பனங்கற்கண்டுப் பால், சில்லுக்கருப்பட்டி, "அது மருந்துல்லா" என்பார்கள். மணத்திலும் ருசியிலும் சீனி அதன் கிட்டே நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. குடலுக்கு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று தெரியாது. டம்பிங் வருகிற உடம்புக்குக் கருப்பட்டியிலும் வரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அப்படித்தான். கடலையில் புரதம் இருக்கிறது என்று சொல்லிப் பாகைத் தின்றுகொண்டிருப்போம். வறுத்த கடலையை மட்டும் தின்றால் வம்பில்லை, நன்றாக மென்று.

உளுந்தங்களி கதை வேறு. பெரியமனுஷி ஆன நாளிலிருந்து இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டிக் கொடுத்த வீடு நம்முடையது. உளுந்து நல்ல பொருள், தப்பு அதில் இல்லை. பாகும் எண்ணெயும் கொழகொழப்பும் சேர்ந்து, சின்னப் பைக்குள் ஒரு உருண்டை போய் உட்கார்ந்தால் நெஞ்சை அடைக்கும். நான் அதற்குப் பதில் உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு மாறிவிட்டேன். நாலைந்து கரண்டிச் சோறு, அதில் பருப்பு தூக்கலாக, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உப்பும் உறைப்பும் கேட்கிற நாக்குக்கு அந்தத் துவையலே போதும்.

அல்வாவைச் சாகும்வரை தொடக்கூடாதா என்று கேட்பீர்கள். முதல் வருடம் தொடாதீர்கள். அப்புறம், உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் சரி என்றால், மீனோ முட்டையோ சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து, தட்டில் வைத்து, கட்டைவிரல் நுனியளவு. வெறும் வயிற்றில், கடை வாசலில், காகிதத்தோடு வழிப்பது என்பது மட்டும் என் கதையோடு முடியட்டும்.

வழுக்கிப் போகிற தீனி

கெட்டியான சாப்பாடு பையில் கொஞ்ச நேரம் நிற்கும், 'போதும்' என்று சொல்லும். டீயில் முக்கிய பிஸ்கட், முறுக்கு, காராச்சேவு, மக்ரூன், ஐஸ்கிரீம் இதெல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறையவே நிறையாது. இரண்டு மணி நேரம் கொறித்துக்கொண்டே இருக்கலாம். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அரிசி மெல்லுகிற ஆசை

எல்லா ஆசையும் ஒரே ரகம் இல்லை. முறத்தில் கிடக்கிற பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுகிறதா? ஃபிரிட்ஜ் ஐஸை நொறுக்கத் தோன்றுகிறதா? திருநீறு, செம்மண் வாசனை இழுக்கிறதா? அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் குரல். பைபாஸில் இரும்பு நன்றாகச் சேருகிற முன்சிறுகுடலை உணவு தொடாமலே போகிறது. மேலே மாதாமாதம் ரத்தமும் போனால் கேட்க வேண்டுமா? "சின்ன வயசிலேயே அரிசி தின்பாள்" என்று வீட்டில் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிரிக்காமல் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஆபரேஷன் ஆன, விலக்கு ஆகிற பெண்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கிறார்கள். உங்கள் அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

அதை விழுங்குகிற விதத்திலும் தவறு நடக்கிறது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் 'ஒரே வேலையாக முடியட்டும்' என்று சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் இரும்பு வேண்டாம். கால்சியத்தை விட்டுவிடவும் கூடாது. 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த பெண்களுக்கு மூன்றாவது சுழற்சிக்குள், தீனி ஆசை உட்பட, விலக்குக்கு முந்தைய தொல்லைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நமக்கு எலும்புக்காக எழுதித் தருகிற அளவும் 1200 முதல் 1500 தான். கால்சியம் சிட்ரேட் வகையை, 500, 600 என்று பிரித்துப் போடச் சொல்வார்கள்.

வயிற்றுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையும் கவனம். இபுபுரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் வகைகள் பைபாஸ் ஆனவர்களுக்கு, தையல் போட்ட இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். "பொம்பளைங்க வழக்கமாப் போடுறதுதான்" என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆசையோடு, அழுகையும் கோபமும் வாழ்க்கையே வேண்டாம் என்கிற நினைப்பும் மாதாமாதம் வந்தால் அது நாக்கு விஷயமே இல்லை, உடனே மருத்துவம் வேண்டிய விஷயம்.

எடை மெஷின்

அந்த வாரம் ஏறி நிற்காதீர்கள். உடம்பு நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும், அந்த விரக்தியில் மிக்சர் டப்பாவைத் தேடுவோம். விலக்கு முடிந்து பாருங்கள்.

காலண்டரும் ஆச்சியும்

என் அடுக்களையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. விலக்கு ஆன நாளைக் குறித்து, அடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தாள்களின் ஓரத்தில், நல்ல நேரத்துக்குப் பக்கத்தில், நீல மையில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். புள்ளி வந்தால் வீட்டில் மிக்சர் வாங்குவதில்லை, முட்டை வாங்குகிறோம். விருந்துக்குப் போவதானால் வீட்டிலேயே கொஞ்சம் புரதம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். மறுவீட்டுச் சொதி என்றால் தேங்காய்ப்பாலுக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நடுவில் கை நிற்காது.

வீட்டாரிடம் சொல்லாமல் மறைப்பதையும் தவறு என்றே வைப்பேன். ஆச்சி இரண்டு வருடம், "ஏட்டி, காத்தா பறந்துட்டியே, ஒரு வாய்தான, தின்னு" என்று கருப்பட்டித் துண்டைக் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் அந்த பஸ் கதையை ஒன்று விடாமல் சொன்னேன், வண்ணார்பேட்டை ஓட்டம் உட்பட. ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது தாள் கிழிப்பது அவர்கள் வேலை. போன வாரம் காலையில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்கள்: "ஏட்டி, புள்ளி வந்துட்டு. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன், மறந்துட்டுப் போயிராத."