பிரிட்டிஷ் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

அகராதியைப் புரட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருந்தது, பெயரை அன்று எப்படி எழுதினார்கள் என்ற இரண்டும் தெரியாமல் பொருள் சொல்வது வெறும் ஊகம்தான்.

தெரிந்த மூதாதையரில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். அதற்கு முன்பென்றால் தேவாலயப் பதிவேடுகள். இங்கிலாந்தில் இவற்றை எழுத உத்தரவானது 1538இல். 1640களின் உள்நாட்டுப் போரில் பல ஊர்களில் விட்டுப்போயிருக்கும். ஏடு தொலைந்திருந்தால், 1598 முதல் பிஷப்புக்கு அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். எழுத்துக்கூட்டைத் திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருக்கலாம்.

அடுத்து, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். இதன் அருமை தொழிற்பெயர்களில் தெரியும். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, களிமண்ணும் புளித்த சிறுநீரும் விட்டு, மிதித்து மிதித்து இறுக்குவது ஒரு தொழில். அதைச் செய்தவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். வாக்கர் நடந்ததென்னவோ உண்மை, நடந்தது தொட்டிக்குள்! இன்றைய ஆங்கிலத்தை நம்பினால் இப்படித்தான் சறுக்கும். கவர்ட் கோழை அல்ல, மாடு மேய்த்தவர். ஃபார்மர் பெரும்பாலும் உழவர் அல்ல, வரிவசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்.

ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் ஊரைவிட்டு வந்தவருக்குத்தான். எனவே அந்த ஊரிலேயே தேடிக்கொண்டிருக்காமல் சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்கின் பெயர் எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள பெனிகுயிக் என்ற ஊரிலிருந்து வந்தது. வெல்ஷ் மொழிக்குத் தாயான பழைய பிரித்தானிய மொழியில் அதற்குக் குயில் குன்று என்று பொருள். ஊரின் எழுத்துக்கூட்டு வேறு, குடும்பத்தின் எழுத்துக்கூட்டு வேறு என்பதைக் கவனியுங்கள்.

தகப்பன் பெயரில் வந்தவற்றுக்குச் செல்லப்பெயர் தெரிய வேண்டும். ராபர்ட்டை ராப், ஹாப், டாப் என்று கூப்பிட்டார்கள்; ராப்சன், ஹாப்சன், டாப்சன் மூவரும் ராபர்ட்டின் பிள்ளைகளே. வேல்ஸ்தான் படுத்தும். அங்கே ‘ஆப்’ என்றால் மகன்: ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது. நம் இனிஷியல் போல ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிய பெயர் இது. 18ஆம் நூற்றாண்டில்கூடச் சில பகுதிகளில் நிலைக்கவில்லை. அதனால் தகப்பனை அதே குடும்பப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார். மகன் பெயருக்குள் தேடுங்கள்.

பெயரைச் சொன்னால் ‘குடும்பச் சின்னம்’ அச்சிட்டுத் தரும் கடைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் உரியது. அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல.