இரும்புக்குப் பழுப்பேற்றுதல்: மலைவீட்டுக் கீல், கொண்டி, கவ்வாத்துக் கத்திக்கு

பழைய துப்பாக்கிக் குழல்களில் தெரியும் அந்தக் காபிப் பழுப்பு பெயின்ட் அல்ல, துருதான். மெல்லிய துருவை வரவழைத்து, தேய்த்து, மறுபடி வரவழைத்து அடுக்கடுக்காக ஏற்றிய நிறம். ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய வீட்டுக் கீல், கொண்டி, சுவரில் மாட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உண்மையான துப்பாக்கி என்றால் கை வைக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். சமையல் கத்தியும் வேண்டாம். துத்தநாகம் பூசிய கீலும் எவர்சில்வரும் இந்த முறையில் பழுப்பாகாது.

முதலில் 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். அசிட்டோனில் நனைத்த துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் துரு பிடிக்காது, கடைசியில் அங்கே ரேகையோடு வெள்ளைத் திட்டு நிற்கும். கத்தி என்றால் கூர்முனைக்கு நகப்பூச்சு அடித்து மறைத்துவிடுங்கள்.

கால் லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பு. துரு வரவழைக்க இது போதும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் நிறம் வரும், ஆனால் சொரசொரப்பாக, தேய்த்தால் பொடியாக உதிரும். அவசரத்துக்கு வந்த நிறம் நிற்காது.

துணியை உப்புநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் ஒரே இழுப்பு. பூசிய இடத்தையே திரும்பத் தேய்க்காதீர்கள். நீர் வழிந்தால் கோடு விழும், துளி தேங்கினால் இரும்பில் குழி விழும்.

ஆனி, ஆடி மூடுபனியில் கூரைக்கடியில் கம்பியில் தொங்கவிட்டாலே ராத்திரியில் வேலை முடிந்துவிடும். தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியின் அடியில் இரண்டு விரற்கடை வெந்நீர் ஊற்றி, பொருள் நீரில் படாமல் 8 முதல் 12 மணி நேரம் தொங்கவிடுங்கள்.

செம்மஞ்சள் துரு படர்ந்ததும் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் லேசாகத் தேய்த்து, தூளை மட்டும் எடுங்கள். கடையில் வாங்கும் பஞ்சில் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசிக் காயவைக்க வேண்டும். பூச்சு, ஈரம், தேய்ப்பு. மூன்றாம் சுற்றுவரை திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். ஆறேழு சுற்றில் நிறம் ஒன்றுசேரும்.

நிறுத்தும்போது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல நீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் அடுத்த மழைக்காலத்தில் துரு மீண்டும் கிளம்பும். நீரைக் கொதிக்கவிடாதீர்கள், கொதிநீரில் சிவப்புத் துரு கருப்பாக மாறிவிடும். கருப்பு வேண்டுமென்றால் அதுவே வழி.

அடுப்பருகே முழுக்கக் காயவைத்து, சூடு இருக்கும்போதே தேன்மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.