டாரிஃப் சண்டைக்கு முன்னாடி இத ஒரு தடவ கேளுங்க

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யாராச்சும் "டிரம்ப் இந்திய சரக்குக்கு 50% டாரிஃப், அதான் இறக்குமதி வரி போட்டுட்டாரு, இனி இந்தியா கட்டணும்"னு போட்டா உடனே பாயாதீங்க, "துறைமுகத்துல அந்த வரிய கட்டுறது யாரு மாமா?"ன்னு மட்டும் கேளுங்க. கட்டுறது சரக்க இறக்குற அமெரிக்க கம்பெனி, அவங்க கஸ்டம்ஸ்கிட்ட. அப்புறம் அந்த சுமை அங்க கடைல விலையா ஏறுமா, திருப்பூர் பனியன் கம்பெனிகிட்ட "ரேட்ட குறை"ன்னு வந்து நிக்குமா, இல்ல ஆர்டரே வியட்நாம், பங்களாதேஷ் பக்கம் போயிடுமாங்கிறதுதான் உண்மையான விவாதம், அத விட்டுட்டு மத்ததெல்லாம் பேசுவோம் நாம.

தேதியும் பாருங்க. அந்த 50% 2025 ஆகஸ்ட் 27ல வந்தது, அதுல பாதி ரஷ்யா எண்ணெய் வாங்குனதுக்கு. தேதி இல்லாத ஸ்க்ரீன்ஷாட்டுக்கு பதிலே போடாதீங்க.

விசா சண்டையும் இப்படித்தான். 2025 செப்டம்பர்ல அமெரிக்காவுல வேலை பாக்குறதுக்கான ஹெச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்னு வந்தப்போ வருஷா வருஷம்னு அமெரிக்க வர்த்தக அமைச்சரே சொன்னாரு, மறுநாள் வெள்ளை மாளிகை ஒரே தடவதான், புது விண்ணப்பத்துக்கு மட்டும், ரினியூவலுக்கு இல்லன்னுச்சு. முத நாள் வீடியோ இன்னும் சுத்திட்டு இருக்கு, ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு அந்த ரெண்டாவது நாள் செய்தி லிங்க அனுப்புங்க போதும்.