சிறப்புக் குழந்தைக்காக டிரஸ்ட் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையின் பெற்றோர் பலர், வீட்டை மூத்தவன் பெயருக்கு எழுதிவிட்டு ‘தம்பியைப் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிடுகிறார்கள். பத்திரம் பதிவான அன்றே அது மூத்தவனின் சொந்தச் சொத்து. அவன் தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் பட்ட கடனுக்கு அந்த வீடு ஜப்திக்குப் போகலாம், அவன் காலத்துக்குப் பின் அவன் வாரிசுகளுக்குப் போகும். தம்பிக்குக் கிடைப்பது வெறும் வாய்வார்த்தை. இதற்காகத்தான் 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி தனியார் டிரஸ்ட் எழுதுகிறோம். அதாவது, சொத்தை டிரஸ்டி என்ற பொறுப்பாளர் கையில் ஒப்படைத்து, அதன் பலன் பயனாளியான பிள்ளைக்கே போகும்படி எழுதும் ஏற்பாடு. அதையும் தப்பாக எழுதினால் பலன் கிடைக்காது.

பலர் 1,000 ரூபாய் போட்டு டிரஸ்ட் தொடங்கி, பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வீடும் டெபாசிட்டும் அப்பா பெயரிலேயே கிடக்கும். அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போதே டிரஸ்டுக்குக் கொடுப்பதானால், எழுதிக் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் உயில் மூலம் கொடுக்கலாம். பதிவு முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு எல்லாவற்றையும் மாற்றி, டிரஸ்டுக்குத் தனி பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கான சலுகை முத்திரைக் கட்டணம் டிரஸ்டுக்கும் பொருந்தும் என்று நீங்களே கணக்குப் போடாமல், பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் முடிவாக வேண்டும். மற்றவர் பங்கை நீங்கள் எழுதி வைக்க முடியாது.

டிரஸ்டி விஷயத்தில்தான் பெரிய கோளாறு. மூத்தவனே ஒரே டிரஸ்டி, தம்பி காலத்துக்குப் பின் மிச்சமெல்லாம் அவனுக்கே என்று எழுதிய பத்திரங்கள் நிறைய. தம்பிக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு ஆள் வைக்கலாமா என்று கேள்வி வருகிறது. வைத்தால் வருடத்துக்கு 1,80,000 ரூபாய் அவனுக்கு வரவேண்டிய மிச்சத்தில் குறைகிறது, வைக்காவிட்டால் சேர்கிறது. எவ்வளவு நல்லவனையும் இந்த இக்கட்டில் நிறுத்தக் கூடாது. பயனாளியின் நலனுக்கு முரணான ஆதாயம் உள்ளவர் தகுந்த டிரஸ்டி அல்ல என்று சட்டத்தின் 60ஆம் பிரிவே சொல்கிறது. மிச்சச் சொத்தை வேறு யாருக்காவது எழுதலாம். அது முடியாது, அவன்தான் வேண்டும் என்றால், ஆதாயமே இல்லாத இருவரை அவனோடு சேர்த்து, ஆண்டுக் கணக்கை வெளி ஆடிட்டர் பார்க்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். டிரஸ்டி தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாவிட்டாலோ, வெளிநாட்டில் குடியேறிவிட்டாலோ, 73ஆம் பிரிவுப்படி அவர் இடத்தில் வேறொருவரை நியமிக்கலாம். குடும்பத்தில் மனஸ்தாபம் வரும்போது யாராவது இதைக் கையில் எடுப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, உள்ளூரில் இருப்பவரை டிரஸ்டியாகப் போடுவதே மேல்.

இரண்டு டிரஸ்டி என்றால் ஒத்துப்போகாத நாளில் வேலை நின்றுவிடும். பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பதே சட்டம். ஆகவே மூன்று பேர், பெரும்பான்மை முடிவு, அன்றாடச் செலவுக்கு ஒருவர் கையெழுத்து போதும் என்று எழுதுங்கள். மூவருமே உங்கள் வயதுக்காரர்களாக இருந்தால் பயனில்லை, ஒருவராவது பிள்ளையின் வயதை ஒட்டியவராக இருக்கட்டும். ஒருவர் விலகினால், இறந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். சம்பளம் உண்டு என்று எழுதாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமையில்லை. முப்பது வருட வேலையை ஓசியில் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஒருமுறை ஏற்றுக்கொண்டவர் நினைத்தபோது விட்டுப் போகவும் முடியாது என்பதால், பெயர் போடுமுன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

டிரஸ்டி பணத்துக்குத்தான் பொறுப்பு; பிள்ளைக்குக் கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், வேறு. 18 வயது முடிந்தபின் பெற்றோரே சட்டப்படி கார்டியனாகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு கார்டியனை நியமிக்கும். அந்தக் கார்டியனும் உங்கள் டிரஸ்டின் ஒரே டிரஸ்டியும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். பணம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரானால் கேள்வி கேட்க ஆளிருக்காது.

பிசினஸ் குடும்பத்துப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகலெடுக்காதீர்கள். அதில் குடும்பம் முழுவதும் பயனாளிகளாக இருக்கும், யாருக்கு எவ்வளவு என்பது டிரஸ்டியின் விருப்பம் என்றிருக்கும். பங்கு குறிப்பிடாத அப்படிப்பட்ட டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்சபட்ச விகிதத்தில் வரி. இந்தப் பிள்ளை ஒருவரையே பயனாளியாகப் போட்டால் தனிநபருக்கான விகிதமே. சொத்தை எப்போது வேண்டுமானாலும் நான் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று ஷரத்து வைத்தால் வருமானம் உங்கள் கணக்கிலேயே சேரும்.

பழைய நாமினேஷன்களையும் ஒருமுறை பாருங்கள். இன்ஷூரன்ஸில் அந்தப் பிள்ளையே நாமினி என்றால் பணம் டிரஸ்டுக்கு வராமல் நேரே அவன் பெயருக்குப் போகும். பாலிசியின் உரிமையையே டிரஸ்டுக்கு மாற்றி, அசைன் செய்துவிடலாம். விட்டுப்போன மற்ற சொத்துகள் டிரஸ்டில் சேர ஒரு உயிலும் தேவை.

மருந்து, டாக்டர், சாப்பாடு, எதற்குப் பயப்படுவான் போன்ற விவரங்களைப் பத்திரத்தில் எழுதாதீர்கள். வீடு சேர்ந்த பதிவுப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். அதைத் தனிக் கடிதமாக எழுதி டிரஸ்டிகளிடமும் கார்டியனிடமும் கொடுத்துவைத்து, மருந்து மாறும்போதெல்லாம் திருத்திக் கொடுங்கள்.