அஃபிலியேட் டேஷ்போர்டுல ஜீரோ மட்டும்தான் தெரியுதா? அந்த ஜீரோவைப் படிக்கறது எப்படின்னு பார்ப்போம்

ஏழு மாசம். ஏழு மாசமா என் அஃபிலியேட் டேஷ்போர்டுல, அதாவது எவ்வளவு கமிஷன் வந்துச்சுன்னு காட்டற பக்கத்துல, ஒரே நம்பர்தான், ஜீரோ. காலைல எந்திரிச்சு பல்லு விளக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்ப்பேன், ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடியும் அதைத்தான் பார்ப்பேன், என்னமோ நான் பார்க்கப் பார்க்க அது கூடிடும்ங்கற மாதிரி. யாரைக் கேட்டாலும் "விடாம பண்ணுங்க ப்ரோ, வரும்"னு ஒரே பதில். சரின்னு நானும் விடாம பண்ணேன். விடாம தப்பையே பண்ணிட்டு இருந்தேன்னு ரொம்பப் பின்னாடிதான் புரிஞ்சுச்சு.

அதனால இங்க மோட்டிவேஷன் எல்லாம் கிடையாது. ஜீரோ வந்தா அது எந்த இடத்துல இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதை மட்டும் ஸ்டெப் ஸ்டெப்பா சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: வேற ஒருத்தரோட பொருளுக்கு உங்க லிங்க்கை கொடுக்கறீங்க, அது வழியா யாராவது வாங்கினா உங்களுக்கு ஒரு சதவீதம் கமிஷன், அவ்ளோதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். "இப்ப போய் ஆரம்பிச்சா லேட் இல்லையா"ன்னு கேக்கறவங்களுக்கு, சிடிநவ்ங்கற மியூசிக் வித்த தளம் 1994லயே இதைப் பண்ணுச்சு, அமேசான் 1996ல ஆரம்பிச்சது. அந்தக் கணக்குல பார்த்தா நாம எல்லாருமே லேட்தான், விடுங்க.

ஸ்டெப் 1: அஞ்சு கதவை ஒரு பேப்பர்ல எழுதுங்க

ஒருத்தர் உங்க மூலமா ஒரு பொருள் வாங்கணும்னா அஞ்சு கதவைத் தாண்டணும். தேடும்போது உங்க பக்கம் அவர் கண்ணுல படணும். பட்டதை கிளிக் பண்ணி உள்ள வரணும். உள்ள வந்து உங்க லிங்க்கை தட்டணும். தட்டிப் போன இடத்துல காசு கொடுத்து வாங்கணும். வாங்கினதைத் திருப்பி அனுப்பாம வச்சுக்கணும். இதுல எந்தக் கதவு மூடியிருந்தாலும் டேஷ்போர்டுல வர்றது அதே ஜீரோதான், அதுதான் இந்தத் தொழிலோட பெரிய சிக்கலே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், சும்மா புரியறதுக்காக நானா வச்சுக்கற நம்பர். உங்க பக்கம் 1000 தடவை சர்ச்ல காட்டப்படுது. அதுல 3 சதவீதம் பேர் உள்ள வந்தா 30 பேர். அதுல பத்துல ஒருத்தர் லிங்க்கை தட்டினா 3 பேர். தட்டினவங்கள்ல 3 சதவீதம் வாங்கினா 0.09 விற்பனை. ஒரு முழு விற்பனைக்கு கிட்டத்தட்ட 11,000 தடவை நீங்க சர்ச்ல தெரியணும். நான் இந்தக் கணக்கை முதல் தடவை போட்டப்ப என் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஏழு மாசத்துல அதுல பாதி தடவைகூட சர்ச்ல தெரிஞ்சிருக்கல. அப்ப ஜீரோ வந்ததுல என்ன ஆச்சரியம்? எனக்கு அன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியா தூக்கம் வந்துச்சு, காசு வராட்டியும்.

ஸ்டெப் 2: அளக்கறதுக்கு ரெண்டே ரெண்டு விஷயம்

முதல்ல கூகுள் சர்ச் கன்சோல்ல உங்க சைட்டை சேருங்க, ஃப்ரீதான். எத்தனை தடவை காட்டப்பட்டுச்சு, எத்தனை கிளிக், எந்த வார்த்தையைத் தேடினப்ப வந்தாங்க, சராசரியா எத்தனாவது இடம், எல்லாம் அதுலயே இருக்கும். முதல் ரெண்டு கதவுக்கு இது போதும்.

அடுத்து, உங்க அஃபிலியேட் ப்ரோக்ராம்ல டிராக்கிங் ஐடின்னு ஒண்ணு இருக்கும், சில இடத்துல சப் ஐடின்னு சொல்வாங்க. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி ஐடி போடுங்க. நான் எல்லாத்துக்கும் ஒரே ஐடியைப் போட்டு வச்சிருந்தேன், கிளிக் எந்தக் கட்டுரைல இருந்து வருதுன்னே தெரியாம மாசக்கணக்கா எது நல்லா ஓடுதோ அதை விட்டுட்டு எது ஓடலையோ அதையே பாலிஷ் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

ஸ்டெப் 3: முதல் கதவு, யார் கண்ணுலயும் படலைன்னா

பெரும்பாலான புது ஆளுங்களுக்கு மாட்டற இடம் இதுதான், எனக்கும் இதுதான். நான் எழுதின முதல் கட்டுரை "சிறந்த 10 ஹெட்ஃபோன்கள்". அந்தப் பத்துல ஒண்ணைக்கூட நான் காதுல மாட்டினது கிடையாது, கடைப் பக்கத்துல இருக்கற விவரத்தை எடுத்து என் வார்த்தைல மாத்தி எழுதினேன், அவ்ளோதான். அதே தலைப்புல எழுதற பெரிய பெரிய சைட்டுங்களுக்கு நடுவுல எனக்கு எங்க இடம் கிடைக்கும்? அது போதாதுன்னு கூகுள் 2021 ஏப்ரல்ல ப்ராடக்ட் ரிவ்யூஸ் அப்டேட்னு ஒண்ணு விட்டாங்க, பொருளைப் பத்தி ஆழமா ஆராய்ஞ்சு எழுதற விமர்சனத்துக்குத்தான் முன்னுரிமை, நாலஞ்சு பொருளை மேலோட்டமா சுருக்கிப் போடற கட்டுரைக்கு இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

நான் மாத்தினது என்னன்னா, பொருள் பேரை விட்டுட்டுப் பிரச்சினையைப் பிடிச்சேன். எங்கிட்ட நிஜமாவே இருந்தது ரெண்டு மைக். முதல்ல ஒரு கண்டென்சர் மைக் வாங்கி, ரூம்ல எதிரொலியும் ஃபேன் சத்தமுமா பதிவாகி நொந்து போய், அப்புறம் ஒரு டைனமிக் மைக்குக்கு மாறினவன் நான். கண்டென்சர் ரொம்ப சென்சிடிவ், அறைல இருக்கற சின்னச் சின்ன சத்தத்தையும் இழுத்துக்கும். டைனமிக்ல அந்த அளவுக்கு இல்ல, வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பேசினா உங்க குரல் மட்டும் முன்னாடி நிக்கும். அதே ரூம், அதே ஃபேன், அதே வாக்கியம், ரெண்டு மைக்லயும் பேசிப் பதிவு பண்ணி ஆடியோவையும் போட்டு "ரூம்ல எதிரொலி வருதா, எந்த மைக் வாங்கறது"ன்னு ஒரு கட்டுரை எழுதினேன். மூணு வாரத்துல முப்பத்தெட்டாவது இடத்துல தெரிஞ்சுச்சு, மூணு மாசம் கழிச்சு எட்டாவது. பிரமாதம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பத்து ஹெட்ஃபோன் இன்னைக்கு வரைக்கும் முதல் அஞ்சு பக்கத்துல கிடையாது.

சோ நீங்க பண்ண வேண்டியது: உங்ககிட்ட இருக்கற, நீங்க உபயோகிச்சு அவஸ்தைப்பட்ட பொருள்கள் ஒரு அஞ்சை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இதை வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு என்ன தெரியாம இருந்துச்சு"ன்னு எழுதுங்க. அந்தத் தெரியாத விஷயம்தான் உங்க தலைப்பு.

ஸ்டெப் 4: ரெண்டாவது, மூணாவது கதவு

இது ரெண்டும் சீக்கிரம் சரியாகற விஷயம். சர்ச் கன்சோல்ல முதல் பத்து இடத்துக்குள்ள வந்தும் கிளிக் வரலைன்னா தலைப்பை மாத்துங்க, மக்கள் தேடின வார்த்தையே தலைப்புல இருக்கான்னு பாருங்க. உள்ள வர்றாங்க ஆனா லிங்க்கை யாரும் தட்டலைன்னா லிங்க் எங்க இருக்குன்னு மொபைல்ல திறந்து பாருங்க. என்னோடது கட்டுரையோட கடைசில இருந்துச்சு, நானே ஸ்க்ரோல் பண்ணி டயர்டாகி பாதில விட்டுட்டேன். படிக்கறவர் முடிவுக்கு வர்ற இடம் எதுவோ அங்க லிங்க்கை வைங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 5: நாலாவது கதவு, லிங்க்கை தட்டறாங்க ஆனா வாங்கல

இங்கதான் நிறைய பேர் ஓடிப் போயிடறாங்க, நானும் கிட்டத்தட்ட போயிட்டேன். லிங்க் கிளிக் 40 வந்துச்சு, ஒரு ஆர்டர் இல்ல. "இது நமக்கு ஆகாது"ன்னு முடிவே பண்ணிட்டேன்.

ஆனா கணக்கைப் பாருங்க. நூத்துக்கு மூணு பேர் வாங்கற பக்கம்னு வச்சுக்கிட்டா, ஒவ்வொருத்தரும் வாங்காம போற வாய்ப்பு 0.97. நாப்பது பேருமே வாங்காம போற வாய்ப்பு 0.97ஐ நாப்பது தடவை பெருக்கினா வரும், அது ஏறக்குறைய 30 சதவீதம். அதாவது நல்லா ஓடப்போற பக்கமே பத்துல மூணு தடவை முதல் 40 கிளிக்ல ஜீரோவைத்தான் காட்டும்! அதே 100 கிளிக் வந்தும் ஜீரோன்னா அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ போயிடும், அப்பதான் ஏதோ தப்புன்னு சொல்லலாம். அதனால 100 லிங்க் கிளிக் வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தைப் பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க, இதை மட்டும் எங்கயாவது எழுதி ஒட்டி வச்சுக்கோங்க.

100 தாண்டியும் ஜீரோன்னா ரெண்டு விஷயத்தைப் பாருங்க. ஒண்ணு, வர்றவங்க வாங்கற மூட்ல வர்றாங்களா? "மைக் எப்படி வேலை செய்யுது"ன்னு தேடினவர் படிக்க வந்தவர், "எந்த மைக் வாங்கறது"ன்னு தேடினவர்தான் வாங்க வந்தவர். ரெண்டு, குக்கீ, அதாவது ஒருத்தர் உங்க லிங்க் வழியா வந்தார்னு அவர் பிரவுசர்ல பதிஞ்சு வைக்கற சின்னக் குறிப்பு. உங்க லிங்க்கை தட்டினதுக்கு அப்புறம் எவ்வளவு நேரத்துக்குள்ள வாங்கினா உங்க கணக்குல சேரும்ங்கறது ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் மாறும். அமேசான்ல அது 24 மணி நேரம்தான், வேற பல இடத்துல 30 நாள்கூட கொடுக்கறாங்க. ரெண்டு வாரம் யோசிச்சு வாங்கற பொருளுக்கு 24 மணி நேர லிங்க் வச்சா, நீங்க மனசை மாத்தி விடுவீங்க, கமிஷன் வேற யாருக்கோ போகும்.

ஸ்டெப் 6: அஞ்சாவது கதவு, வந்த காசு திரும்பிப் போச்சு

இதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. எட்டாவது மாசம் எனக்கு வரிசையா மூணு டைனமிக் மைக் ஆர்டர் ஆச்சு, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மூணு வாரத்துல அதுல ரெண்டு ரிட்டர்ன். பொருளைத் திருப்பி அனுப்பினா கமிஷனும் போயிடும். ஏன்னு தெரியாம முழிச்சப்ப, வாங்கினவர்கள்ல ஒருத்தர் மெயில் போட்டார், "சார் இதை என் கம்ப்யூட்டர்ல எங்கயும் சொருக முடியல"ன்னு. நான் லிங்க் கொடுத்தது எக்ஸ்எல்ஆர் மைக். அதை கம்ப்யூட்டர்ல மாட்ட ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு பெட்டி தனியா வேணும். எனக்கு அது பழகிப் போனதால எழுதணும்னே தோணல. என் தப்புதான், அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

அன்னைக்கே கட்டுரை நடுவுல "இதை யார் வாங்கக் கூடாது"ன்னு ஒரு பெட்டி போட்டேன். லிங்க் கிளிக் கொஞ்சம் குறைஞ்சுச்சு, ரிட்டர்ன் ஏறக்குறைய நின்னே போச்சு. நீங்க முதல் நாள்ல இருந்தே இந்தப் பெட்டியைப் போடுங்க.

ஸ்டெப் 7: அக்கவுண்ட்டே போகாம பார்த்துக்கங்க

சேரணும்ங்கற அவசரத்துல நாம விதிமுறையைப் படிக்கறதே இல்ல. ஜீரோவைப் பார்க்கச் சகிக்காம நான் ஒரு ப்ரோக்ராம்ல என் லிங்க்லயே எனக்கு ஒரு கேபிள் வாங்கினேன், அந்த ஆர்டரை எடுத்துட்டாங்க, எச்சரிக்கை மெயிலும் வந்துச்சு. சொந்த லிங்க்ல வாங்கறதை நிறைய ப்ரோக்ராம் ஒத்துக்கறதில்ல. அமேசான்ல இன்னொண்ணு, சேர்ந்த 180 நாளுக்குள்ள குறைஞ்சது 3 விற்பனை வரணும், இல்லன்னா அக்கவுண்ட்டை மூடிடுவாங்க. மறுபடி அப்ளை பண்ணலாம்தான், ஆனா பழைய லிங்க் எல்லாம் மாத்தற வேலை யாருக்கு வேணும்? அதனால முதல்ல எழுதுங்க, ஆள் வர ஆரம்பிச்ச பிறகு சேருங்க. நான் இதைத் தலைகீழா பண்ணவன்.

"இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்"னு லிங்க்குக்கு முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க, கடைசில பொடி எழுத்துல வேணாம். லிங்க்கோட கோடுல ஸ்பான்சர்டுங்கற குறியை (rel="sponsored") சேருங்க, இது காசு வர்ற லிங்க்னு கூகுளுக்குச் சொல்றது அது, கூகுள் 2019ல இதுக்குன்னே கொண்டு வந்தது.

ஸ்டெப் 8: காத்திருக்கற நேரத்துல

டேஷ்போர்டை வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமைல பாருங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க, தேதியோட எழுதி வைங்க. தலைப்பையும் லிங்க்கையும் படத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஒரே ப்ரோக்ராமை நம்பியும் இருக்காதீங்க, 2020 ஏப்ரல்ல அமேசான் அமெரிக்காவுல ஃபர்னிச்சர் மாதிரி சில வகைகளுக்குக் கமிஷனை 8 சதவீதத்துல இருந்து 3க்கு இறக்கினாங்க, ஒழுங்கா வேலை பார்த்தவங்களுக்கும் ஒரே மாசத்துல வருமானம் பாதிக்கும் கீழ போச்சு.

எப்ப விடறது? ஆறு மாசம் ஆகியும் ஒரு கட்டுரை முதல் கதவையே தாண்டலைன்னா நான் அந்தத் தலைப்பை விட்டுடுவேன். பத்து ஹெட்ஃபோனை அப்படித்தான் விட்டேன், வருத்தமே இல்ல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், என் முதல் கமிஷன் மைக்ல இருந்து வரல. மைக் லிங்க்கை தட்டிப் போன யாரோ ஒருத்தர் மைக்கை விட்டுட்டு மேஜைல மாட்டற மைக் ஸ்டாண்ட் மட்டும் வாங்கியிருந்தார். பல ப்ரோக்ராம்ல என்னென்ன வாங்கினாங்கன்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும், யார் வாங்கினதுன்னு இருக்காது. அந்த லிஸ்ட்டைத் திறந்து, நீங்க எழுதாத பொருள் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. எனக்கு அந்த ஸ்டாண்ட் மேல ஏற்கனவே ஒரு கோபம் இருந்துச்சு, ஆறு மாசத்துல ஸ்ப்ரிங் தளர்ந்து மைக் தானா கீழ இறங்கிடும். அடுத்த கட்டுரை அதைப் பத்திதான் எழுதினேன்.