டெக்சாஸில் காரில் துப்பாக்கி: முதலில் விசாவைப் பாருங்கள்

டாலஸ், ஆஸ்டின் பக்கம் வந்து சில மாதங்களிலேயே அலுவலகத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "21 வயது ஆச்சா? லைசென்ஸே வேண்டாம், காரில் கன் வைத்துக்கலாம்." 2021 செப்டம்பர் 1 முதல் மாநிலச் சட்டம் ஏறக்குறைய அப்படித்தான். நம்மில் பலருக்கு அது பொருந்தாது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம்; 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் சேரும். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே வழியுண்டு. வீட்டில் ஒருவர் கிரீன் கார்டு, இன்னொருவர் விசா என்றால் துப்பாக்கிப் பெட்டியின் சாவி விசாக்காரர் கையில் இருக்கக் கூடாது.

கட்டாயமில்லை என்றாலும் டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துவிடுங்கள். கட்டணம் 40 டாலர். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநில லைசென்ஸ் இருந்தால் விலக்கு, இல்லையேல் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். காலையில் பிள்ளையை இறக்கிவிடும் வரிசையும் அந்த 1,000 அடிக்குள்தான்.

இனி வண்டிக்குள். வெளியே தெரியும்படி இருந்தால் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருந்தாக வேண்டும். தெரியாவிட்டாலும் ஹோல்ஸ்டர் இல்லாமல் வைக்காதீர்கள். ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் (கடினப் பிளாஸ்டிக்) உறைதான் நல்லது. நைந்த தோல் உறையின் வாய் உள்ளே மடங்கி ட்ரிகரை அழுத்திவிடும். ஜாக்கெட்டின் நாடா முனையில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழும் அதே வேலையைச் செய்யும். தற்செயலாக வெடிப்பது பெரும்பாலும் உறையில் செருகும்போதுதான். அதனால் வீட்டிலேயே நின்றபடி, பார்த்துச் செருகிக்கொண்டு ஏறுங்கள். சீட்டில் உட்கார்ந்து உருவுவது, செருகுவது வேண்டவே வேண்டாம். குழாய் உங்கள் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

துப்பாக்கியை இடுப்பிலிருந்து கழற்றியே ஆகவேண்டும் என்றால் உறையோடு கழற்றி, எஃகுக் கம்பியால் சீட்டின் அடிச்சட்டத்தில் பிணைத்த பூட்டுப்பெட்டியில் வையுங்கள். பெட்டியை மட்டும் சீட்டுக்கு அடியில் தள்ளினால் திருடனுக்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி. இடத்தைச் சென்று சேர்ந்தபின் பார்க்கிங்கில் குனிந்து பூட்டுவதும் தப்பு, பார்ப்பவன் பார்த்துவிடுவான். 17 வயதுக்குட்பட்ட பிள்ளை, குண்டேற்றிய துப்பாக்கியை எடுக்கும்படி விட்டாலும் குற்றம் உங்கள் மேல்.

இரவுதோறும் குண்டை எடுத்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் முனை மோதி, தோட்டாவின் நுனியிலுள்ள ஈயக்குண்டு அதன் பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்; சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

போலீஸ் நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரு கையும் ஸ்டீயரிங் மேல். ஓட்டுநர் அட்டை கேட்டால் துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்தே காட்டவேண்டும். கையை அசைக்குமுன் வாய் பேசட்டும்: "ஆபீசர், ஐ ஹேவ் எ லைசென்ஸ் டு கேரி. இட்ஸ் ஆன் மை ரைட் ஹிப்." "கன்" என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். இன்சூரன்ஸ் தாள் இருக்கும் டாஷ்போர்டு அறையில் துப்பாக்கியை வைக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

டெக்சாஸ் லைசென்ஸ் லூசியானா, ஓக்லஹோமாவில் செல்லும், கலிஃபோர்னியாவிலும் நயாகரா இருக்கும் நியூயார்க்கிலும் செல்லாது. நயாகரா போகிற திட்டம் இருந்தால் வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.